இரத்தம் மட்டும் வந்தால் அது பதிலாகுமா?



"கட்டிக்குள்ள ஊசி விட்டுப் பார்த்தவங்க. இரத்தம் மட்டும்தான் வந்ததாம். அப்ப ஒண்டுமில்லத்தானே?"

இந்தக் கேள்வியைப் பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுவான்கரையிலும் கேட்டிருக்கிறார்கள், வாவியைத் தாண்டிப் படுவான்கரையிலும் கேட்டிருக்கிறார்கள். "ஓம், ஒண்டுமில்ல" என்று நான் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்களின் முகத்தில் தெரியும். அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்கு வேலைக்குப் போகலாம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்க்கலாம், கட்டியை மறந்துவிடலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத கட்டியாகவே இருக்கும். ஆனால் "இரத்தம் மட்டும் வந்தது" என்பதும் "புற்றுநோய் இல்லை" என்பதும் ஒன்றல்ல. பரிசோதனைக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். இந்த வேறுபாட்டை விளக்குவதற்காக, குருதிக்கலன்களில் உண்டாகும் ஓர் அரிய புற்றுநோயைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அந்த நோய் நம்மில் யாருக்கும் வராமலே போகலாம். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்களின் கதையில் நம் எல்லோருக்கும் உதவக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது.

ஊசிப் பரிசோதனை என்றால் என்ன?

வைத்தியர்கள் இதனை எஃப்.என்.ஏ.சி. என்று சொல்வார்கள். தடுப்பூசி போடும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஊசியின் துளைக்குள் வருவதைக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். பிறகு நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். தையல் இல்லை, மயக்க மருந்து இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மார்புக் கட்டி, கழுத்தில் வரும் தைரொயிட் கட்டி, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது போன்றவற்றுக்கு இது மிகவும் உதவியான பரிசோதனை. ஊசி குத்தினால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பயந்து இதைத் தவிர்க்க வேண்டாம். அப்படி நடப்பது மிக மிக அரிது. பரிசோதிக்காமல் விடுவதால் வரும் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரியது.

ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நெல் வாங்க வருபவர் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கையில் வந்த நெல் நல்லதாக இருக்கும். ஆனால் மூட்டையின் மூலையில் நனைந்து முளைத்த நெல் இருந்தால் அந்த ஒரு பிடி அதைக் காட்டாது. ஊசிப் பரிசோதனையும் அப்படித்தான். ஊசி போன இடத்தில் இருந்த சில கலங்களைத்தான் அது கொண்டுவரும். கட்டியின் முழு அமைப்பையும் அது காட்டாது.

குருதிக்கலன் புற்றுநோய்

நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு குருதிக்கலனின் உட்புறத்திலும் மிக மெல்லிய கலங்கள் வரிசையாகப் படிந்திருக்கின்றன. அந்தக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும்போது வருவதே அஞ்சியோசார்க்கோமா என்ற புற்றுநோய். வயது போனவர்களின் தலைத் தோலிலும் முகத்திலும் இது அதிகம் வருகிறது. மார்பு, ஈரல், மண்ணீரல், கை, கால்களிலும் வரலாம். தோலில் வந்தால் அடிபட்டு இரத்தம் கண்டிய இடம் போல ஊதா நிறத்தில் இருக்கும். அதனால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இது எவ்வளவு அரிதானது? வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றளவுதான் தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் தோன்றும் சார்க்கோமா வகை. அந்த வகையிலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் குருதிக்கலன் புற்றுநோய். ஒரு வைத்தியர் தன் சேவைக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம்.

இதனை ஊசியால் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? கட்டியே குருதிக்கலன்களால் ஆனது. ஊசி போனவுடன் இரத்தம்தான் பாய்ந்து வரும். தகடு முழுவதும் செங்குருதிக் கலங்கள் நிறைந்திருக்க, அவற்றின் நடுவே புற்றுநோய்க் கலங்கள் சிலவே கிடக்கும். சில தடவை ஒன்றுகூட வராது. வந்தாலும் அவை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில நீண்டு கதிர் போல இருக்கும். சில உருண்டையாக, வேறொரு புற்றுநோயின் கலம் போலவே இருக்கும். ஆறிவருகின்ற புண்ணின் கலங்களும் சில வேளை இதே போன்ற தோற்றம் காட்டும். அனுபவமுள்ள நோயியல் வைத்தியர் ஒரு சின்ன அடையாளத்தைத் தேடுவார். கலத்துக்குள் ஒரு துளையும் அதற்குள் ஒரு செங்குருதிக் கலமும் இருக்கிறதா என்று பார்ப்பார். கெட்டுப்போன பிறகும் அந்தக் கலம் ஒரு குருதிக்கலனை உண்டாக்க முயல்கிறது என்பதன் அடையாளம் அது.

அந்த அடையாளமும் சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்வதற்கு சி.டி.31, சி.டி.34, ஈ.ஆர்.ஜி. என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று விசேட நிறமூட்டல் செய்து பார்க்க வேண்டும். அதற்கு ஓரிரு துளி போதாது. தடித்த ஊசியால் எடுக்கும் துண்டோ, சிறு சத்திரசிகிச்சை மூலம் எடுக்கும் துண்டோ தேவைப்படும். ஆகவே வைத்தியர் "இன்னொரு தரம் எடுக்க வேணும்" என்று சொன்னால், முதலில் செய்தது பிழை என்று நினைக்க வேண்டாம். வேலை அடுத்த படிக்குப் போகிறது என்பதே அதன் அர்த்தம்.

வாழ்க்கைக் கதையைக் கேட்டவர்கள்

ஊசிப் பரிசோதனை பற்றிய முக்கியமான முதல் அறிக்கைகளில் ஒன்று 1930 இல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலிருந்த மெமோரியல் வைத்தியசாலையிலிருந்து வந்தது. ஹேயஸ் மார்ட்டின் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் எட்வர்ட் எல்லிஸ் என்ற ஆய்வுகூட ஊழியரும் அதை எழுதினார்கள். அதே வைத்தியசாலையின் நோயியல் வைத்தியரான பிரெட் ஸ்டுவர்ட், ஊசியால் எடுத்த மாதிரிகளைக் கொண்டு கட்டிகளை அறியும் முறை பற்றி 1933 இல் எழுதினார்.

இந்த ஸ்டுவர்ட்தான் 1948 இல் நோர்மன் ட்ரீவ்ஸ் என்பவருடன் சேர்ந்து ஆறு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்புப் புற்றுநோய்க்காக மார்பு அகற்றப்பட்டு, அதன்பின் கை பல வருடங்களாக வீங்கியிருந்த பெண்கள் அவர்கள். வீங்கிய கையின் தோலில் நீலமும் சிவப்பும் கலந்த முடிச்சுகள் தோன்றின. அப்படியான முடிச்சுகளைக் காணும்போது, பழைய மார்புப் புற்றுநோய்தான் திரும்பி வந்திருக்கிறது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அது வேறொரு நோய், குருதிக்கலன் புற்றுநோய் என்று அந்த இருவரும் காட்டினார்கள். இன்றும் அது அவர்களின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முடிச்சை மட்டும் பார்த்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. கை எத்தனை வருடமாக வீங்கியிருந்தது என்ற கதையும் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இன்னொரு சம்பவம் 1974 இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்தது. அங்கே பீ.வீ.சீ. பிளாஸ்டிக் செய்யும் குட்ரிச் தொழிற்சாலையின் வைத்தியராக ஜோன் கிரீச் இருந்தார். அந்த ஒரே தொழிற்சாலையின் தொழிலாளர் மூவர் ஈரலில் வந்த இந்த அரிய புற்றுநோயால் இறந்ததை அவர் கவனித்தார். மூவரும் என்ன வேலை செய்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சுவாசித்த வைனைல் குளோரைட் வாயுவே காரணம் என்பது அதன் மூலம் உலகுக்குத் தெரியவந்தது. அதன் பின்னர் அமெரிக்காவில் வேலைத்தளக் காற்றில் அந்த வாயுவுக்கான எல்லை, பத்து இலட்சம் பங்குக்கு 500 பங்கு என்பதிலிருந்து 1 பங்காகக் குறைக்கப்பட்டது. நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து இருந்தது தொழிற்சாலைக்குள் இருந்த வாயுவில்.

மூன்றாவது கதை போரோடு சம்பந்தப்பட்டது. 1930களிலிருந்து 1950கள் வரை, எக்ஸ்றே படத்தில் குருதிக்கலன்கள் தெரிவதற்காகத் தோரோட்ராஸ்ட் என்ற கதிரியக்க மருந்து பல நாடுகளில் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. ஜப்பானில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயப்பட்ட படைவீரர்களுக்கும் அது ஏற்றப்பட்டது. அந்த மருந்து உடம்பை விட்டு வெளியேறாது, ஈரலிலேயே தங்கிவிடும். பல பத்து வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்கு ஈரல் புற்றுநோய்கள் வந்தன. அவற்றுள் குருதிக்கலன் புற்றுநோயும் ஒன்று. போர் முடிந்து, காயம் ஆறி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு வந்த நோயை விளங்கிக்கொள்ள, பழைய காயத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மருந்து இப்போது பாவனையில் இல்லை.

தகட்டில் தெரிவதோடு அந்த ஆளுக்கு முன்னர் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இந்த மூன்றிலும் நோய் பிடிபட்டது.

நமது தழும்புகள்

ஊசியால் எடுத்த மாதிரியோடு ஆய்வுகூடத்துக்கு ஒரு படிவமும் போகும். தகட்டை வாசிப்பவர் பெரும்பாலும் உங்களைக் காண்பதில்லை. படிவத்தில் உள்ளதைத்தான் அவர் அறிவார். "தொடையில் கட்டி" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் ஒரு விதமாக யோசிப்பார். "தொடையில் கட்டி, அதே இடத்தில் 2007 இல் செல் பீஸ் பட்ட காயம், பீஸ் உள்ளேயே இருக்கிறது, மூன்று மாதமாகக் கட்டி வளர்கிறது" என்று எழுதியிருந்தால் வேறு விதமாக யோசிப்பார். ஆனால் நாம் சொன்னால்தானே வைத்தியர் எழுதுவார்?

நாம் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். தழும்பு வெளியே தெரிவது ஆபத்தாக இருந்த காலத்தில் நாம் வாழ்ந்தோம். சோதனைச் சாவடியிலும் சுற்றிவளைப்பிலும் "இது எப்படி வந்தது?" என்ற ஒரு கேள்வி போதும், ஆள் வீடு திரும்பாமல் போக. அதனால் தாய்மார் பிள்ளைகளுக்கு நீளக் கைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அடுப்பில் சுட்டது, சைக்கிளால் விழுந்தது என்று சொல்லப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் பல உயிர்களைக் காப்பாற்றியது. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் இன்றைக்கும் கிளினிக்கில் வைத்தியர் கேட்டால் நம் வாய் அதே பழைய பதிலைத்தான் சொல்கிறது. திருமணம் பேசும் வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இளம் பெண்களுக்கு உண்டு.

சகோதரிகளே, வைத்தியருக்குத் தேவையானது மூன்றே மூன்று விடயங்கள். என்ன பட்டது, எந்த வருடம் பட்டது, உள்ளே துண்டு இன்னும் இருக்கிறதா. யார் சுட்டது, நீங்கள் எங்கே நின்றீர்கள், யாரோடு நின்றீர்கள் என்பது வைத்தியத்துக்குத் தேவையில்லை. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

படுவான்கரையைச் சேர்ந்த ஓர் அக்காவோடு நான் கிளினிக்குக்குப் போயிருக்கிறேன். தொடையில் தழும்புக்குப் பக்கத்தில் கட்டி. முதல் தரம் ஊசி போட்டபோது இரத்தம் மட்டும் வந்தது. "ஒண்டுமில்லையாக்கும்" என்று நான்கு மாதம் இருந்துவிட்டார். கட்டி தேங்காயின் பாதியளவு வந்த பிறகுதான் வாய் திறந்தார். "புள்ள, அதுக்குள்ள பீஸ் கிடக்கு. நான் டொக்டருக்குச் சொல்லல்ல." இரண்டாம் தரம் சொன்னார். உடனே எக்ஸ்றேயும் ஸ்கானும் எடுத்து, தடித்த ஊசியால் துண்டும் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. பீஸைச் சுற்றி வருடக்கணக்காகக் கசிந்து உறைந்த பழைய இரத்தக் கட்டி. சத்திரசிகிச்சை செய்து கட்டியையும் பீஸையும் எடுத்துவிட்டார்கள். "ஒண்டுமில்ல" என்று அவர் முதலில் நினைத்தது ஓர் ஊகம். இரண்டாம் தரம் கிடைத்ததுதான் பதில்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பில் செல் பீஸ் இருப்பதால் புற்றுநோய் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். உடம்பில் தங்கிய வெளிப்பொருளைச் சுற்றி இந்தப் புற்றுநோய் வந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவான சம்பவங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலகமெங்கும் பெருந்தொகையானோர் இரும்புத் துண்டுகளோடு முதுமை வரை வாழ்கிறார்கள். தழும்புக்குப் பக்கத்தில் வரும் கட்டி பெரும்பாலும் தடித்த தழும்பாகவோ, சீழாகவோ, கொழுப்புக் கட்டியாகவோ, உறைந்த இரத்தமாகவோ இருக்கும்.

ஆனால் பீஸ் இருப்பதைச் சொல்வதற்கு வேறு இரண்டு முக்கிய காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, காயத்தில் நாடி சேதமாகி அதிலிருந்து பை போல ஒரு வீக்கம் வந்திருக்கலாம். கையை வைத்துப் பார்த்தால் நெஞ்சு துடிப்பதைப் போல அது துடிக்கும். அதற்குள் ஊசி போட்டால் கடுமையாக இரத்தம் போகும். கட்டி துடித்தால் ஊசி போடுவதற்கு முன்னரே சொல்லுங்கள், முதலில் ஸ்கான் பண்ணிப் பார்ப்பார்கள். மற்றது, எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டை அது அசைக்கவோ சூடாக்கவோ கூடும். எக்ஸ்றேக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் அந்தப் பயம் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அஸ்பிரின் போன்ற குளிசை குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு

நமது நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். ஆகவே நம்மில் பலருக்கு இந்தப் பகுதி உதவும். கதிர்ச் சிகிச்சை பெற்ற மார்பிலோ நெஞ்சுத் தோலிலோ சில வருடங்கள் கழித்து, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வருடங்களில், அடிபடாமலே ஊதா நிறத் தழும்போ முடிச்சோ தோன்றினால் காட்டுங்கள். பல வருடங்களாக வீங்கியிருக்கும் கையில் அப்படித் தோன்றினாலும் உடனே காட்டுங்கள். இது மிக அரிதாகவே வருகிறது. இதற்குப் பயந்து கதிர்ச் சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள். அது காப்பாற்றும் உயிர்கள் அதிகம்.

றிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

றிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லி, இந்தச் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். "பினைன்" என்றால் புற்றுநோய் அல்லாதது. "மலிக்னன்ட்" என்றால் புற்றுநோய். "சஸ்பிஷியஸ்" என்றால் பலத்த சந்தேகம். "அற்றிப்பிக்கல்" என்றால் கலங்கள் வழமைக்கு மாறாக உள்ளன, தொடர்ந்து பார்க்க வேண்டும். "இனடிக்குவேட்" அல்லது "நொன் டயக்னொஸ்டிக்" என்றால் மாதிரி போதாது, முடிவு சொல்ல முடியவில்லை. இரத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் இந்தக் கடைசிச் சொல்தான் எழுதப்பட்டிருக்கும். இது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. திரும்பிப் போக வேண்டும் என்ற செய்தி.

"ஹீமாஞ்சியோமா" என்ற சொல்லைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். அது குருதிக்கலன்களால் ஆன, புற்றுநோயல்லாத கட்டி. ஈரல் ஸ்கானில் அடிக்கடி தென்படும். பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

திரும்பிப் போவது

திரும்பிப் போவது லேசான காரியமல்ல. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டதன் பின் பாதைக்குக் காத்திருக்கும் துன்பம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் உள்ளூர்களிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் பெரிது. "ஏன் திரும்பத் திரும்ப வாறீங்க?" என்று ஓரிடத்தில் ஏச்சு வாங்கியதையும் சிலர் சொன்னார்கள். அந்த ஏச்சுக்காக நின்றுவிடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது உங்கள் உரிமை.

போகும்போது கிளினிக் கொப்பி, பழைய டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்றே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றால் பரவாயில்லை, காயத்தின் வருடத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாய் வராவிட்டால் அந்தத் தாளைக் கொடுக்கலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடும்படி கேளுங்கள். ஆண் வைத்தியர் முன் தழும்பைக் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். வெளியே வரும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: "இது முடிவான பதிலா, இல்லாட்டி இன்னும் பார்க்க வேணுமா?"

கட்டி வளர்ந்துகொண்டிருந்தால், றிப்போர்ட் என்ன சொன்னாலும் திரும்பப் போங்கள். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, அடிபடாமலே ஊதா நிறமாகும் தோல், தொட்டால் இரத்தம் கசியும் முடிச்சு ஆகியவற்றைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். நோவில்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கட்டி இல்லாதவர்களும் 35 வயதானதும் உங்கள் பகுதி எம்.ஓ.எச். அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் ஊர் மருத்துவமாது சொல்வார்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெத்தாவோ, மச்சாளோ, உம்மாவோ "இரத்தம் மட்டும்தான் வந்ததாம்" என்று சொன்னால், இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக் நாளன்று அவரோடு கூடப் போய் வாருங்கள். தனியாகப் போகும்போது சொல்ல வராத சொல், பக்கத்தில் ஒருத்தி இருந்தால் வரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.